பெயர் எழுதாத சீட்டு

வாலிபர் ஐக்கியத்தில் அவளுக்கு வைத்த பெயர் மைக். எழுந்து நின்று ஜெபிக்க ஆரம்பித்தாள் என்றால் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கூட விழித்துக்கொண்டு ஆமென் சொல்லிவிடுவார். வாரத்தில் ஆறு நாள் மருந்துக்கடையில் வேலை. அங்கேயும் அதே குரல்தான். "இந்தக் களிம்பை ராத்திரி படுக்கும்போது தடவுங்க" என்று ஒருவருக்கு அவள் சொன்னால், வரிசையில் நிற்கிற ஆறு பேருக்கும் அந்த ஆளுக்கு எங்கே அரிப்பு என்று தெரிந்துவிடும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். மனசு என்னவோ தங்கம். குரல்தான் அடங்காது.

அவளுடைய சிநேகிதி ஒரு தையல்காரி. ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பென்சிலைக் கடித்தவர்கள். தையல்காரியின் அப்பா அம்மா இருவரும் அண்ணனோடு வேறு தேசத்தில் போய்க் குடியேறிவிட்டார்கள். அவள் மட்டும் கடையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இங்கேயே இருந்துகொண்டாள். முன்னால் கடை, பின்னால் ஒரு அறை, அதில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வந்தால்தான் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் உண்டு. மற்ற நாளெல்லாம் 'ஏம்மா, என் பேன்ட் முடிஞ்சுதா' தான்.

வருஷத்துக்கு ஒரு முறை ஐக்கியம் ஊழியப் பயணம் போகும். ஒரு வாரம் எங்காவது தங்கி, கையால் செய்கிற வேலை ஏதாவது செய்து கொடுத்துவிட்டு வரவேண்டும். அந்த வருஷம் வேனில் நாலு மணி நேரம் போய் ஒரு முதியோர் இல்லத்தில் இறங்கினார்கள். மொத்தம் பதினாலு பேர். தலைவர் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். ஜெபத்துக்கும் விசில் ஊதித்தான் கூப்பிடுவார், அதனால் விசில் அண்ணன். வேன் ஓட்டுகிற டிரைவர் அண்ணனுக்கு வாலிபம் போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் வருஷா வருஷம் சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பாட்டு ஒன்றும் தெரியாது. ஜெபம் நடக்கும்போது கதவோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். நடுவில் வேனுக்குப் பின்னால் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு, இருமிக்கொண்டே திரும்பி வருவார்.

இரண்டு கூடங்களுக்கு வெள்ளையடிப்பது, கட்டில்களுக்குக் கிறீச் சத்தம் போக எண்ணெய் விடுவது, கதவுத் தாழ்ப்பாள்களைச் சரிசெய்வது, பதினாறு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைப்பது. இதுதான் வேலை. திரைச்சீலை தையல்காரியின் பொறுப்பு, எடுபிடி மைக். பழைய கட்டிடம், ஒரு ஜன்னல் அகலம் இன்னொன்றுக்கு இல்லை. ஒவ்வொன்றாக அளந்து, துணியில் சுண்ணாம்புக் கட்டியால் நம்பர் போட்டு வெட்டவேண்டியிருந்தது. முதல் நாளே மைக் டேப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு அளவைக் கத்த, மூன்றாம் ஜன்னல் திரை ஒரு சாண் குட்டையாகிப்போனது.

"மனுஷனுக்குத் தைக்கலைன்னு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லு. ஒரு கால் குட்டையா நடந்திருப்பான்" என்றாள் தையல்காரி. அவ்வளவுதான். அடி ஓரத்தைப் பிரித்து, அதே துணியில் ஒரு பட்டி வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்துவிட்டாள். மைக்குக்கே அப்புறம் ஒட்டு எங்கே என்று தெரியவில்லை.

ஐக்கியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பழைய பிஸ்கட் டின், மூடியில் ஒரு கீறல். இரவுச் சாப்பாடு ஆனதும் ஆளுக்கொரு ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதி அதில் போடவேண்டும். பெயர் எழுதக் கூடாது. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் டின்னைக் கவிழ்த்து, ஆளுக்கொரு சீட்டாக எடுத்து, அதில் இருப்பதற்காக ஜெபிக்கவேண்டும். யாருடைய சீட்டு என்று கேட்கக் கூடாது. டின் ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற சட்டம் அது. அம்மாவுக்கு மூட்டுவலி, தம்பிக்கு வேலை, எனக்கு நல்ல இடத்தில் கல்யாணம் என்று எல்லாம் அதில் வந்து விழும். கல்யாணச் சீட்டு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம். துணி அறையில் இரண்டு பேர் மட்டும். சுற்றிலும் அலமாரி நிறையப் படுக்கை விரிப்புகள், பாச்சை உருண்டை வாசனை. இல்லத்தின் மிதி மெஷினில் தையல்காரி பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கூடத்தில் வெள்ளையடிக்கிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மைக்கும் இங்கிருந்தே கூடச் சேர்ந்து பாடினாள். பாட்டு முடிந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி" என்றாள் தையல்காரி, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்லு."

"எனக்கு இப்பல்லாம் நம்பிக்கை இல்ல. ஒரு வருஷம் ஆகப்போகுது."

"எதுல நம்பிக்கை இல்ல?"

"ஆண்டவர்கிட்டதான். வேற எதுல?"

மைக் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஏண்டி, என்ன ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா? வீட்ல ஏதாவது...?"

"ஒண்ணும் ஆகல. அதான் விஷயமே. யாரும் சாகல, ஒண்ணும் தொலையல. ஒருநாள் காலையில எப்பவும்போல முழங்கால் போட்டேன். அந்தப் பக்கம் யாரும் இல்லாத மாதிரி இருந்துச்சு. மறுநாளும் அப்படித்தான். அப்புறம் பழகிப்போச்சு." பாபின் நிறைந்துவிட்டது. கழற்றி மெஷினுக்குள் போட்டாள். "ஆனா உங்க கூட இருக்கிறது பிடிச்சிருக்கு. உங்க கூடப் பாடுறது, வெள்ளையடிக்கிறது, விசில் அண்ணனைக் கிண்டல் பண்றது. இத விட்டா எனக்குப் போக இடம் இல்ல. திரும்பி வருமோ என்னவோ, வரட்டும்னு இருக்கேன். ஒரு ஆளுக்காவது தெரிஞ்சா கொஞ்சம் லேசா இருக்கும்னு உன்கிட்ட சொல்றேன்."

மைக்குக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. ஜெபத்துல கூட சொல்லாத."

"மனசுக்குள்ள?"

"மனசுக்குள்ள என்ன வேணா சொல்லிக்க. உன் மனசுக்குள்ளதான் சத்தம் வெளிய கேட்காது." இரண்டு பேரும் சிரித்தார்கள். மைக் சத்தியம் செய்யவில்லை, அவர்கள் சத்தியம் செய்கிற கூட்டம் இல்லை. ஆனால் "சொல்லமாட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னபோது அதை முழுசாகத்தான் சொன்னாள்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. உயிர்ச் சிநேகிதி, கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறாள், நான் திரைக்கு வளையம் கோத்துக்கொண்டிருக்கிறேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம் உண்மையான பயம்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பயத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது. அவள் திரும்பி வந்தால், என் ஜெபத்தால் வந்தாள் என்று இருக்குமே என்ற ஒரு சின்ன ஆசை. அதை அவள் அப்போது பார்க்கவில்லை. பிற்பாடு பார்த்தாள், பார்க்காத நாளில்லை.

சாப்பாடு முடிந்து டின் சுற்றி வந்தது. மனசுக்குள் ஒருத்தி ஜெபிப்பதைவிடப் பதினாலு பேர் சேர்ந்து ஜெபித்தால் எவ்வளவு பலம் என்று யோசித்தாள். பெயரை எழுதப்போவதில்லையே, சொல்லமாட்டேன் என்றுதானே சொன்னேன், எழுதமாட்டேன் என்றா சொன்னேன். மருந்துச் சீட்டில் பெயர் இல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தன் கையெழுத்துத் தெரியாமல் இருக்க எழுத்துகளைக் கோணலாகப் போட்டு, 'நம்மில் ஒருவர் விசுவாசத்தை இழந்துவிட்டு, வெளியே சொல்லாமல் நம்மோடு இருக்கிறார். அவருக்காக' என்று எழுதினாள். நாலாக மடித்து உள்ளே போட்டாள். போட்டதும் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. நன்றாகத் தூங்கினாள்.

காலையில் அந்தச் சீட்டு விசில் அண்ணன் கையில் போய் மாட்டியது.

அவர் ஒரு தரம் மௌனமாகப் படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார். கூடத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த சத்தம்கூட நின்றது. சட்டப்படி அவர் கண்ணை மூடி ஜெபித்திருக்கவேண்டும். அவரோ சீட்டை மேசைமேல் வைத்துக் கையால் தடவி நேராக்கினார்.

"யாருடையதுன்னு கேட்கக் கூடாதுதான். ஆனா இது காய்ச்சல் தலைவலி இல்ல. இது ஆத்துமா. அது யாரா இருந்தாலும் எழுந்து நில்லுங்க. யாரும் குறை சொல்லமாட்டோம். நாமெல்லாம் ஒரே குடும்பம்."

யாரும் எழவில்லை. மைக் தன் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே தையல்காரி தன்னைப் பார்க்கிறாள் என்பது நிமிராமலே தெரிந்தது.

"இன்னைக்கு வேலை இல்லாட்டியும் பரவாயில்ல. அந்த ஒரு ஆள் எழுந்திரிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்போம்" என்றார் விசில் அண்ணன். அவர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஜன்னலை உடைத்தவன் எழுந்து நிற்கும்வரை வகுப்பை உட்காரவைத்துப் பழகியவர், அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்.

கால் மணி நேரம் போயிற்று, அரை மணி நேரம் போயிற்று. டீயில் ஆடை படிந்தது. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்படிச் சுற்றிவந்த பார்வையெல்லாம் மெள்ளக் கதவோரமாகப் போய் நின்றது.

"அண்ணே, உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் விசில் அண்ணன், குரலில் தேன் ஒழுக.

"எனக்கா?" டிரைவர் அண்ணன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "நான் என்னத்தத் தம்பி சொல்றது?"

"அண்ணன் முழங்கால் போட்டு ஒருநாள்கூட நான் பார்த்ததில்ல" என்றாள் ஒரு பெண், பாவம், உதவி செய்கிற எண்ணத்தில்.

"முழங்கால்ல பிளேட் வச்சிருக்கும்மா. விபத்துல போனது. மடங்காது." அவர் முகம் சிவந்துவிட்டது. தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "படிப்பும் கம்மி. உங்கள மாதிரி வார்த்தையா ஜெபிக்க வராது. நான் வேணா வண்டிகிட்ட போய் நிக்கிறேன்."

அப்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அண்ணன் இல்ல. நான்தான்" என்றாள் தையல்காரி.

மைக் எழுந்திருக்கவேண்டிய நேரம் அது. 'அவள் என்னை நம்பி என்னிடம் சொன்னதை நான்தான் எழுதிப்போட்டேன், தப்பு என்மேல்' என்று அந்தப் பெரிய தொண்டையால் சொல்லியிருந்தால், கூட்டத்தின் கண் பாதியாவது இவள் பக்கம் திரும்பியிருக்கும். நினைத்தாள். எழவும் பார்த்தாள். அதற்குள் விசில் அண்ணன் இரண்டு கையையும் உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டார். எல்லாரும் வந்து தையல்காரியைச் சூழ்ந்துகொண்டார்கள். நாற்காலியில் உட்காரவைத்தார்கள். யாரோ அழுதார்கள். எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதில் மைக்குக்கு, வெட்கக்கேடு, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"மைக், நீ ஜெபி. உன் சிநேகிதிதானே" என்றார் விசில் அண்ணன்.

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. போய்ச் சிநேகிதியின் தலைமேல் கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வாயைத் திறந்ததும் வார்த்தைகள் தாமாக வந்தன. வாழ்நாளில் அவள் அவ்வளவு நன்றாக ஜெபித்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த முதியவர்கள்வரை கேட்டிருக்கும். வந்திருந்த அத்தனை பேரும் விம்மினார்கள். அவள் உள்ளங்கையின் கீழே அந்த ஒரு தலை மட்டும் அசையாமல் இருந்தது.

ஜெபம் முடிந்ததும் தையல்காரி எழுந்தாள். துணி அறைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். ஆறு திரை பாக்கி இருந்தது. மத்தியானம் சாப்பிடக்கூட எழாமல் ஆறையும் தைத்து முடித்தாள். ஒவ்வொன்றாகக் கம்பியில் கோத்து மாட்டினாள். மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு மூடிபோட்டு மூடினாள். நாலு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது டிரைவர் அண்ணன் வேனை எடுத்து வைத்திருந்தார், பஸ் நிலையம்வரை கொண்டுவிட.

மைக் ஓடிவந்தாள். "நான் பேர் எழுதலடி."

தையல்காரி பையை வேனுக்குள் வைத்தாள். "உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றாள். பிறகு, "ஏழாம் நம்பர் ஜன்னல்ல கம்பி தளர்ந்திருக்கு. ஆணி அடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அதன்பின் அவள் ஆலயத்துக்கு வரவில்லை. நாலு நாலு பேராக வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். டீ போட்டுக் கொடுத்தாள், சிரித்துப் பேசினாள், வரவில்லை. கொஞ்ச நாளில் வெள்ளிக்கிழமை ஜெபப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள், நோயாளிகளுக்கும் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் நடுவில். பட்டியலில் பெயர் ஏறியபிறகு போய்ப் பார்ப்பது நின்றுவிட்டது.

மைக் மூன்று முறை போனாள். வெறுங்கையோடு போகத் துணிச்சல் இல்லாமல் ஒவ்வொரு முறையும் ஒரு துணியைச் சாக்காக எடுத்துக்கொண்டு போனாள். பேன்ட் நீளம் குறைக்க, ஜிப் மாற்ற, கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் ஒரு நல்ல சட்டையின் பட்டனைத் தானே பிய்த்து எடுத்துக்கொண்டு. தையல்காரி ஒவ்வொன்றையும் வாங்கி, நோட்டில் எழுதி, "வியாழக்கிழமை வாங்க" என்றாள். சின்ன வயசிலிருந்து வாடி போடி என்ற வாய் வாங்க என்றதும் மைக் மன்னிப்புக் கேட்காமலே திரும்பி நடந்தாள். அந்தச் சட்டையை வாங்க அவள் போகவேயில்லை.

ஒரு வருஷம் கழிந்தது. அடுத்த பயணத்துக்குப் பேர் கொடுக்க, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐக்கியம் கூடியது. மேசைமேல் அதே பிஸ்கட் டின். அதைப் பார்த்ததும் மைக் எழுந்து நின்றாள். போன வருஷம் அந்தச் சீட்டை எழுதியது நான்தான், சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்ட பிறகும் எழுதினேன், அவளைத் தனியாக எழுந்து நிற்கவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். குரல் உடைந்து உடைந்து வந்தது.

பிறகு விசில் அண்ணன் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

"என்ன ஒரு தாழ்மை! இதுதான் சாட்சி" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தங்கச்சி, அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னாடி இதை அப்படியே சொல்லணும்."

இரண்டு பெண்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். தையல்காரியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மைக் அவர்கள் கையை விலக்கிவிட்டு வெளியே வந்தாள். வெயிலில் நடந்தே போனாள்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். பின்னறையிலிருந்து பேச்சும் சிரிப்பும் வந்தது. டிரைவர் அண்ணன் மடங்காத காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தூக்குப் பாத்திரத்திலிருந்து பரிமாறிக்கொண்டிருந்தார். ஞாயிறு தோறும் அவர்கள் ஆராதனை முடிந்து நேரே இங்கேதான் வருகிறார்கள் என்பது ஐக்கியத்தில் யாருக்கும் தெரியாது. அவர் சொல்லிக்கொள்கிற ஆளில்லை.

"வாம்மா, உட்காரு" என்றார் டிரைவர் அண்ணன். தையல்காரி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டில் சோற்றைப் பிசைந்தாள்.

மைக் நின்றுகொண்டே சொன்னாள். "தப்பு பண்ணிட்டேன். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், நான்தான் எழுதினேன்னு."

"என்ன சொன்னாங்க?"

மைக் தலையைக் குனிந்துகொண்டாள். "கை தட்டினாங்க."

தையல்காரி சிரித்துவிட்டாள். கசப்பில்லாத சிரிப்புதான், துணி அறையில் சிரித்த அதே சிரிப்பு. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவந்து அவளுக்கு எதிரே நின்றாள்.

"நீ எழுதினத நான் அன்னைக்கே விட்டுட்டேன்டி. பயந்து எழுதியிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த 'டி' காதில் விழுந்ததும் மைக்குக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின. கையைப் பிடிக்கப் போனாள்.

"ஆனா என் தலையில கை வச்சியே" என்றாள் தையல்காரி. "அப்ப கூட நினைச்சேன், பாவம், இவளுக்கும் மாட்டிக்கிட்டோமேன்னு இருக்கும், கை நடுங்கும்னு. காத்துக்கிட்டே இருந்தேன். உன் கை நடுங்கவே இல்லடி."

பின்னறையில் டிரைவர் அண்ணனின் மனைவி பாத்திரத்தை மெல்ல மூடினார். தையல்காரி அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பட்டன் வைத்த சட்டை.

மைக் அதை வாங்கிக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். தெருவில் நடந்துகொண்டே மனசுக்குள் ஜெபிக்கப் பார்த்தாள். வந்ததெல்லாம் போன வருஷம் முதியோர் இல்லத்தில் சிநேகிதியின் தலையில் கை வைத்துச் சொன்ன அதே ஜெபம், ஒரு வார்த்தைகூடப் பிசகாமல். பாதியில் நிறுத்திவிட்டு, பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தாள்.